முழுக்கைச் சட்டை

பூவராகவன் தம்பியின் சட்டையில் இரண்டாவது பொத்தானைக் கழற்றும்போதே சொர்ணம் அவன் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"சட்டையோட குளிப்பாட்டுங்க மாமா. கழட்ட வாணாம்."

"இன்னா பேசறே நீ? பொணத்த எவனாவது சட்டையோட குளிப்பாட்டுவானா?"

வீட்டு வாசலில் பெஞ்சின்மேல் அவள் புருஷன் சடையனை உட்கார வைத்திருந்தார்கள். சீயக்காய் கரைத்தாயிற்று. குப்பத்துப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். சித்திரை வெயில் மணலில் காலை வைக்கவிடவில்லை. இப்படிப்பட்ட வெயிலிலும் சடையன் இந்த முழுக்கைச் சட்டைக்குள்தான் இருந்தான். போன வருஷம் அரபு நாட்டிலிருந்து திரும்பியவன், வலை இழுக்கும்போதும் கழற்றவில்லை, கடலில் குதிக்கும்போதும் கழற்றவில்லை. வெயில் பட்டால் துரை கறுத்துவிடுவாராம் என்று குப்பமே கேலி பேசியது. மஞ்சள் காமாலையில் படுத்தபிறகு, உடம்பு துடைத்துவிட வேண்டியிருந்ததால், சொர்ணத்துக்கு மட்டும் முதுகைக் காட்டினான்.

"எவன் கண்ணுலயும் படக்கூடாது. நான் செத்தாலும் படக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றான். பண்ணிக் கொடுத்தாள்.

அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது புருஷனின் அண்ணனோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பூவராகவன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மறு கையால் காலரைப் பிடித்து இழுத்தான். நைந்துபோன துணி. முதுகுப் பக்கம் நெடுகக் கிழிந்து இறங்கியது.

ஒப்பாரி நின்றுபோனது. கழுத்திலிருந்து இடுப்புவரை பிரம்படித் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பின்னாலிருந்தவர்கள் முன்னாலிருந்தவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த முதுகுக்கு ராத்திரி ராத்திரி தேங்காயெண்ணெய் தடவியவள் சொர்ணம். முதுகு அவளுக்கு அருவருப்பில்லை. எட்டிப் பார்த்த கழுத்துகள்தான் அருவருப்பாக இருந்தன.

"எவன்டா பண்ணான் இத?" என்று கத்தினான் பூவராகவன்.

"அங்க ரூம்ல வெளக்கு ஏத்தினாரு. அதுக்கு அடிச்சாங்க" என்றாள். பாதியைத்தான் சொன்னாள்.

கல்பாக்கத்து வேலையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, கூட வேலை பார்த்த செங்கல்பட்டு அப்துல் மாலிக்கோடு சேர்ந்து போனவன் சடையன். அங்கே ஒரு கார்த்திகை தீபத்தன்று, பால் டின் மூடியில் எண்ணெய் ஊற்றி, காலண்டரில் கிழித்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு திரி ஏற்றியிருக்கிறான். அந்த நாட்டில் வேறு சாமியைக் கும்பிடுவது குற்றம். கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டாலும் குற்றம். யாரோ போய்ச் சொல்ல, போலீஸ் வந்தது. படத்தைக் கீழே போட்டு மிதிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். அடித்தார்கள். மறுபடியும் சொன்னார்கள், மறுபடியும் அடித்தார்கள். விளக்கு ஏற்றியவனைக் கட்டிவைத்து அடிக்க ஒரு சட்டம், அதைக் காப்பாற்ற ஒரு ராஜாங்கம். த்தூ.

"கடசீல மெறிச்சிட்டேன் சொர்ணம்" என்று காமாலைப் படுக்கையில் சொன்னவன், வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். ஆடித் திருவிழாவில் அவன் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காததும், குங்குமம் வாங்காததும் அதனால்தான். அரபிக்காரனாய் மாறிவிட்டான் என்று ஊர் பேசியதை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டான்.

பூவராகவன் முகத்தில் அழுகையைக் காணோம். திடீரென்று ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"டேய், மகாபலிபுரத்துல வெள்ளக்காரனுங்கள படம் புடிச்சிகினு கீறானே, அவன இட்டுகினு வா. இந்த முதுக படம் புடிச்சி, செங்கல்பட்டு பஜார்ல பாய்ங்க கட ஒண்ணு வுடாம காட்டறேன். சாமிக்காக அடி வாங்கிகீறான்டா எந்தம்பி!"

காமாலை ஒட்டிக்கொள்ளும் என்று தம்பி படுத்திருந்த வீட்டு வாசற்படியை மிதிக்காத அண்ணன். சொர்ணம் திரும்பி மணலில் காறித் துப்பினாள்.

அப்துல் மாலிக் வந்து சேர்ந்தது அப்போதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் ஓடிவந்தவர், கையில் ரோஜா மாலைப் பொட்டலத்தோடு நின்றுவிட்டார். பூவராகவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"வாய்யா பாய். உங்காளுங்க பண்ண வேலய பாரு."

"அன்னிக்கே பார்த்தேன் அண்ணாத்த. மருந்து போட்டதே நான்தான். வெளக்கு ஏத்தற காஃபிரோட ஒரே தட்டுல துன்றியாடான்னு எம்மூஞ்சிலயும் துப்பினானுங்க."

"எதுக்கு அப்டி அடிச்சானுங்க?"

"சாமி படத்த மெறிக்கச் சொன்னானுங்க."

பூவராகவன் குரல் இறங்கியது. "மெறிச்சானா?"

மாலிக் சொர்ணத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சிலிருந்து தொங்கிய சடையனின் கால்களைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் அவரும் நின்றிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

"இல்ல அண்ணாத்த. கடசி வரிக்கும் மெறிக்கல" என்றார்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். சொர்ணம் பூவராகவன் காலடியில் இருந்த குடத்தைத் தூக்கி மாலிக்கிடம் நீட்டினாள்.

"நீ ஊத்து பாய்."

"ம்மே, அவுரு எப்டி ஊத்துவாரு? மொற இன்னா, வழக்கம் இன்னா..." என்று குறுக்கே வந்தான் பூவராகவன்.

"நான் பொண்டாட்டி. நான் சொல்றேன். நீங்க அப்பால போங்க மாமா."

பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். மாலிக் குடத்தைக் கவிழ்க்கவில்லை. தோளில் உள்ளங்கையை வைத்து, கைமேல் ஊற்றி, தண்ணீரை மெதுவாக முதுகில் வழியவிட்டார்.

"வேகமா ஊத்தினா துடிப்பான் தங்கச்சி" என்றார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சொர்ணம் கீழே உட்கார்ந்து கால்களுக்கு மஞ்சள் பூசினாள். வலது பாதத்துக்கு இன்னொரு முறை பூசிக் கழுவினாள்.

போட்டோக்காரன் வந்தபோது சடையனை வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் பெட்டியிலிருந்த இன்னொரு முழுக்கைச் சட்டையை எடுத்து, சொர்ணமே போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தாள்.

"திருப்பி உக்கார வைங்கடா, முதுகு தெரியணும்" என்று வெளியே கத்திக்கொண்டிருந்தான் பூவராகவன்.

"நாற்காலிய செவுத்தாண்ட தள்ளு பாய்" என்றாள் அவள். "இன்னும். இன்னும் தள்ளு."

நாற்காலி சுவரில் இடித்து நின்றது. அவள் மாலையைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கினாள். "எப்பவும் எடுக்கற மாதிரி எடுப்பா" என்றாள்.

போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கழுத்தில் ரோஜா மாலையோடு, முதுகு சுவரில் நன்றாகச் சாய்ந்து, சடையன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.