இரண்டு பட்டியலிலும் பகவதி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானே ஒப்புக்கொள்வேன். வேறு யாராவது சொன்னால்தான் கோபம் வரும். பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி எடை பார்த்துத்தான் வாங்குவேன். ஆட்டோக்காரர் தெரியாத சந்தில் திரும்பினால் உடனே மொபைலில் மேப்பைத் திறந்துவிடுவேன். இப்படிப்பட்டவனிடம் போய் ஒரு வகுப்பைக் கொடுத்து, பாதி பேர் எதிரில் இருப்பார்கள், மீதிப் பேர் திரையில் இருப்பார்கள், இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துப் பாடம் நடத்து என்றார்கள்.

என் பெயர் தேவராஜ். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மேட்சல் சாலையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்ஸி. வகுப்பில் முப்பத்தெட்டு பேர் நேரில் வருகிறார்கள், இருபத்திரண்டு பேர் ஆன்லைனில். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு நான் நடுவில் நின்று அல்லாடுவேன். எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசினால் போர்டு தெரியவில்லை என்று திரையில் எழுத்து வரும். திரையைப் பார்த்துப் பேசினால் எதிரில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆன்லைனில் ஒருவரும் கேமராவைப் போடுவதில்லை. அந்த இருபத்திரண்டு கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் பாடம் கேட்கிறார்கள், எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வருகைப் பதிவும் இரண்டு. நேரில் வருபவர்கள் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஆன்லைன் பட்டியலை கம்ப்யூட்டரே தந்துவிடும். இரண்டில் எதிலாவது எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பகவதி என்ற பெயர் இரண்டிலும் இருந்தது. முந்தைய நாளும் இருந்தது. நான்கு வாரப் பட்டியலையும் தோண்டினேன். ஒரு நாள் விடாமல் இரண்டு இடத்திலும் இருந்தாள்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அப்பா ராணுவத்தில் இருக்கிறார், ஊர் நாகர்கோவில், வீடு போலாரம் குவார்ட்டர்ஸ். கடைசி பெஞ்சில், சுவர் ஓரம், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் உட்காருவாள். போனைச் சார்ஜில் போட்டு, குனிந்த தலை நிமிராமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆக, ஆள் அறைக்குள்தான் இருக்கிறாள். அப்படியானால் ஆன்லைனில் அவள் பெயரில் இருப்பது யார்?

எனக்கு உடனே தெருவுக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கும் அமீர்பேட் நினைவுக்கு வந்தது. போன வருடம் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் என் கையெழுத்துக் குறிப்புகளை வேறொருவன் பெயர் போட்டு விற்றுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இப்போது குறிப்புகள் போதாதென்று வகுப்பையே நேரடியாகத் திருடுகிறார்கள். இந்தப் பெண் தன் பாஸ்வேர்டை ஏதோ கோச்சிங் சென்டருக்குக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று முடிவு கட்டினேன்.

என்னோடு வேலை பார்க்கும் சுபாஸ்ரீயிடம் சொன்னேன். அவள் திருநெல்வேலிக்காரி, எதற்கும் பதறமாட்டாள்.

"அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க சார்," என்றாள்.

"நக்கோம்மா, வேணாம். கேட்டா உஷாராயிடுவா. கையும் களவுமா புடிக்கணும்."

மறுநாள் பாடத்தின் நடுவில், ஆன்லைன் பட்டியலிலிருந்து பகவதியின் பெயரை நீக்கினேன். கடைசி பெஞ்சில் அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு நிமிடத்தில் பெயர் திரும்ப வந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை உள்ளே வரவே முடியாதபடி தடுத்துவிட்டு, பாடத்திலிருந்து அவளிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். எழுந்து நின்றாள். என் வாயையே உற்றுப் பார்த்தாள். கடைசியில், "யெஸ் சார்," என்றாள். வகுப்பு சிரித்தது.

எனக்குள் இருந்த போலீஸ்காரனுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "உன் பெயரில் அமீர்பேட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?" என்று காலர் மைக்கோடு, அறுபது பேர் கேட்க, ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் அதற்கும் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தேன். அன்று மதியமே துறைத் தலைவர் வேணுகோபாலுக்கு முறைகேடு என்று கடிதம் எழுதினேன். நிரூபணமானால் அந்தப் பருவத்தின் மொத்த வருகையும் ரத்து என்பது விதி. அவள் பரீட்சை எழுத முடியாது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை பத்து நாள் கழித்து வியாழக்கிழமை. துறைத் தலைவர் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். பகவதி உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை மேஜை நடுவில், திரை தன் பக்கம் இருக்கும்படி வைத்தாள். வேணுகோபால் ஆங்கிலத்தில் குற்றச்சாட்டைப் படித்தார். அவர் பேசப் பேச, போனில் சினிமா சப்டைட்டில் மாதிரி அவர் வார்த்தைகள் எழுத்தாக ஓடின. அவர் தும்மியதைத் தவிர எல்லாம் வந்தது.

நான் எட்டிக் குனிந்து இன்னொரு முறை படித்தேன்.

அவள் முடியை ஒதுக்கினாள். இரண்டு காதிலும் மெஷின். வேணுகோபாலிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"இது வச்சா சத்தம் கேக்கும் சார், வார்த்தை புரியாது. பக்கத்துல நின்னா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவேன். கடைசி பெஞ்சுக்கு உங்க குரலை என் போன் எடுக்காது. ஆன்லைன்ல சேந்துட்டா உங்க காலர் மைக்ல பேசறது அப்படியே எழுத்தா வரும். சார்ஜ் நிக்காது, அதான் பிளக் பக்கத்துல உக்காருவேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமில்லம்மா," என்றேன்.

"டிகிரி படிக்கறப்ப சொன்னேன் சார். உனக்கு அதுதான் வசதின்னு சொல்லி ஆன்லைனுக்கு மாத்திட்டாங்க. மூணு வருஷம் வீட்டு ரூம்ல தனியா உக்காந்து படிச்சேன். ஒரு ஃப்ரெண்டு கூட கிடையாது. இங்க எல்லாரோடயும் உக்காரணும்னுதான் வந்தேன்."

வேணுகோபால் நல்ல மனுஷன்தான். நாற்காலியில் சாய்ந்து, அப்படியானால் பிரச்சினை சுலபம், இவரை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றிவிடலாம், அவருக்கும் வசதி, நமக்கும் தலைவலி இல்லை என்றார். திரையில் அந்த வாக்கியம் ஓடி முடிவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஒன்றுக்குப் பயந்துதான் அவள் ஐந்து வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் ஒரு கடிதத்தில் அவளை அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்பது போல, "தப்பா நெனச்சிட்டேம்மா," என்று முணுமுணுத்தேன். போன் அதைப் பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ பிதற்றியது.

"இது தமிழ் எடுக்காது சார். நிமிந்து இங்கிலீஷ்ல சொல்லுங்க."

நிமிர்ந்தேன். என் கடிதம் தவறு, விசாரிக்காமல் எழுதினேன், பகவதி எல்லா நாளும் என் வகுப்பறையில் இருந்தார், அங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் துறைத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இருபது வருட வேலையில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. வேணுகோபால் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவளுடைய வருகை நிலைத்தது, இடமும் நிலைத்தது.

வராந்தாவில் அவளிடம், "இப்போ நிம்மதிதானே," என்று கேட்டேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"என் பெஞ்சுல மூணு பேரு உக்காருவாங்க சார். பத்து நாளா யாரும் உக்காரல. திருடின்னு நெனைக்கிறாங்க. நீங்க கிளாஸ் ரூம்ல சொன்னதை, கிளாஸ் ரூம்லதான் திருப்பி எடுக்கணும்."

"காது விஷயத்தையுமா?"

"அதையும் சொல்லிருங்க. மறைச்சது போதும்."

திங்கட்கிழமை ஆன்லைனில் அவள் பெயருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டு, காலர் மைக்கைக் குத்திக்கொண்டேன். பாடம் தொடங்குமுன் அறுபது பேரிடமும் சொன்னேன். நான் பொய்க் குற்றம் சாட்டினேன் என்றேன், எதற்காக அவள் ஆன்லைனில் இருந்தாள் என்றேன், மன்னிப்புக் கேட்டேன். நாக்கு இரண்டு இடத்தில் தடுமாறியது. கடைசி பெஞ்சில் போன் எரிந்துகொண்டிருந்தது, என் வார்த்தைகள் அதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பகவதி அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அறையிலிருந்த மற்ற முப்பத்தேழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.