ஹெட்விக்கின் மூன்று மாப்பிள்ளைகள்

ஆரணி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா யோகம் "கலியாணத்தைப் பற்றி" என்று சொல்லிவிடுவாள். அது முழுப் பொய்யல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் நாவல்களில் கலியாணமே வேண்டாம் என்று தனியாக வாழப் போன பெண்களைப் பற்றித்தான் ஆரணி சில வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தாள். 'வேண்டாம்' என்ற அந்தப் பின்பாதியை யோகம் வெளியே விடுவதில்லை. இதனால் அவர்கள் வாழ்ந்த ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தமிழர்களிடையே ஆரணிக்கு விசித்திரமான ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது. கோயில் வாசலில் ஒருத்தி அவளை மறித்து, தன் மகளுடைய செவ்வாய் தோஷத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாள்.

ஆரணிக்கு முப்பத்திரண்டு வயது. ஹம்பேர்க்கிலிருந்து சுலக்ஷன் என்ற பெடியனின் சம்பந்தம் வந்தபோது, வழக்கம்போல மறுக்காமல், "சரி, வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்றாள். யோகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆரணிக்கோ ஒரு திட்டம் இருந்தது. ஆராய்ச்சியின் பின்பாதியை அவளே சொல்லப் போகிறாள். வந்தவர்கள் தாங்களாகவே எழும்பிப் போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது மாப்பிள்ளையின் தாய் மகாதேவி மட்டும்தான். சின்ன உருவம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் விளிம்பில் இருந்தாள். பல வருடங்கள் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்துவிட்டார்.

"மகனுக்கு லீவு இல்லை. நான் பாத்தால் போதும் எண்டவன்," என்று சொல்லி, பலகாரத் தட்டிலிருந்து ஒரு பற்றீசை எடுத்தாள். "பிள்ளை கலியாணத்தைப் பற்றிப் படிக்கிறீராம்?"

"கலியாணம் வேண்டாமெண்ட பொம்பிளையளைப் பற்றி, அன்ரி."

குசினிக்குள் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த யோகத்தின் கையிலிருந்து ஏதோ விழுந்தது.

"அந்தக் காலத்திலையும் அப்பிடி ஆக்கள் இருந்தவையோ?" என்றாள் மகாதேவி.

ஆரணி தனக்கு மிகவும் பிடித்த நாவலைச் சொல்லத் தொடங்கினாள். எல்லோரும் மறந்துபோன ஒரு புத்தகம். ஹெட்விக் என்ற மருந்துக்கடைக்காரர் மகளை மூன்று பேர் பெண் கேட்டு வருகிறார்கள். முதலில் தாயில்லாத ஐந்து பிள்ளைகளோடு ஒரு பாதிரியார். பிறகு ஒரு பணக்கார ஆலைக்காரர். மூன்றாவதாக, அவளுக்கும் உண்மையிலேயே பிடித்துப்போன ஓர் இராணுவ அதிகாரி. மூன்று பேரையும் வேண்டாம் என்றுவிட்டு, கடலோரப் பட்டினம் ஒன்றில் இரண்டு அறைகள் எடுத்து, பியானோ சொல்லிக்கொடுத்து வாழ்கிறாள்.

"மூண்டாவது ஆளிலை விருப்பமெண்டால் ஏன் வேண்டாமெண்டவ?"

"விருப்பம் வேறை, ஒரு வீட்டிலை கூட இருக்கிறது வேறை எண்டு சொல்லுறா."

மகாதேவி பற்றீசைத் தட்டில் வைத்தாள். "அப்ப ஆர் சமைக்கிறது?"

"அவவேதான்."

"எத்தினை மணிக்கு?"

பேராசிரியர்கள் எவரும் இதுவரை கேட்காத கேள்வி. ஆரணி யோசித்துவிட்டு, "பசிக்கிற நேரம்," என்றாள்.

"பசிக்கிற நேரம்," என்று மகாதேவி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "வீட்டுத் திறப்பு?" என்று சாவி திருப்புவதுபோல் விரலைத் திருகினாள்.

"அவவிட்டை மட்டும்தான்."

யோகம் ஓடிவந்தாள். "அதெல்லாம் சும்மா கதை, அக்கா. எங்கடை ஆரணி கணவாய்க் கறி வைச்சால்..."

"கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை சொல்லி முடிக்கட்டும்."

பிள்ளை சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது. போகும்போது மகாதேவி ஆரணியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆரணி தன் திட்டம் பலித்துவிட்டதென்று நினைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் சுலக்ஷனே தொலைபேசியில் வந்தான்.

"நீங்கள் ஆரணியோ? என்ரை அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஏன், என்ன நடந்தது?"

"என்னை விட்டிட்டு, ரண்டு சூட்கேசோடை தனிய ஒரு அறைக்குப் போயிட்டா. வயது போனாக்களுக்குக் குடுக்கிற அறையாம். எப்பவோ பதிஞ்சு வைச்சது, இப்பதான் கூப்பிட்டவையாம். முதலிலை போறேல்லை எண்டுதான் இருந்தவவாம். இப்ப ஏன் போனனீங்கள் எண்டு கேட்டால் எட்விக் எண்டுறா. ஆர் அந்த எட்விக்? அவவோடை வேலை செய்த ஆளோ?"

"அவ ஒரு நாவலிலை வாற பொம்பிளை."

"செத்துப்போனாவோ?"

"இருந்ததே இல்லை."

"அப்ப நான் ஆரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது?"

கடைசியில் அவன், "நீங்கள் வந்து அம்மாவோடை ஒருக்கால் கதையுங்கோ," என்று கெஞ்சினான். ஆரணிக்கும் மனம் குறுகுறுத்தது. தன் ஆராய்ச்சியால் ஒரு குடும்பம் பிரியும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை ஹம்பேர்க் நிலையத்தில் சுலக்ஷன் காத்துநின்றான். துறைமுகத்தில் கொள்கலன் கப்பல்களுக்குக் கணினி நிரல் எழுதுகிறவன். உயரமான, நல்ல முகம். சேர்ட் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது வெளிறிய ரோஸ் நிறம். ஆரணியின் பார்வையைக் கண்டுவிட்டு, "சிவப்புத் துவாயோடை சேத்துத் தோய்ச்சுப்போட்டன்," என்றான்.

எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஏறி இருந்ததும் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். "நான் ஒரு நாளும் அம்மாவை இதைச் செய், அதைச் செய் எண்டு சொன்னதில்லை."

"செய்யாதையுங்கோ, நான் செய்யிறன் எண்டு சொன்னனீங்களோ?"

இறங்கும் இடம் வந்துவிட்டதென்று அவன் எழும்பி நின்றான். இன்னும் நாலு நிலையங்கள் இருந்தன.

மகாதேவி குடியிருந்த கட்டடத்தின் கீழே ஒரு பேக்கரி இருந்தது. "நான் இதுக்குள்ளை இருக்கிறன். போன முறை என்னை வாசலிலையே நிப்பாட்டிக் கதைச்சு அனுப்பிப்போட்டா," என்றான்.

மகாதேவியின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, மூலையில் அடுப்பு. கதிரையை ஆரணிக்குக் கொடுத்துவிட்டுத் தான் கட்டிலில் சம்மணம் போட்டு இருந்தாள். சோபாவின் விளிம்பில் இருந்த பெண்தானா இவள் என்று ஆரணிக்குத் தோன்றியது.

"மகன் அனுப்பினவனோ?"

"ஓம் அன்ரி. ஆனால் எனக்கும் கவலைதான்."

"கவலைப்பட என்ன கிடக்கு? பிறந்த வீட்டிலை தங்கச்சிமாரோடை ஒரு அறை. கட்டினாப்பிறகு மாமியோடை. இஞ்சை வந்து அகதி முகாமிலை நாலு குடும்பத்துக்கு ஒரு குசினி. பேந்து அவரோடை, அவர் போனாப்பிறகு மகனோடை. இந்த வயசிலைதான் முதன்முதலா ஒரு கதவை நானே பூட்டிப் பாத்தன்."

"எப்பிடி இருந்தது?"

"முதல் நாள் பயந்து அழுதனான். அடுத்த நாள் பின்னேரம் மூண்டு மணிக்குத் தோசை சுட்டுச் சாப்பிட்டன். ஏன் இந்த நேரத்திலை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆராய்ச்சியாளருக்கு நேர்மை வேண்டும். ஆரணி தொண்டையைச் செருமினாள். "அன்ரி, அண்டைக்கு நான் ஒரு பகுதியைச் சொல்லேல்லை. பிறகு ஒரு மாரிக் குளிரிலை ஹெட்விக் காய்ச்சலாலை படுத்த படுக்கை. தண்ணி எடுத்துக் குடுக்கவும் ஆளில்லை. நான் பிழை விட்டிட்டன் எண்டு அழுறா."

மகாதேவி முன்னுக்குச் சாய்ந்தாள். "பேந்து?"

"காய்ச்சல் மாறிட்டுது, எழும்பிட்டா."

"அந்த மூண்டிலை ஒருத்தரிட்டைப் போனவவோ?"

"இல்லை."

"அப்ப?" என்று மகாதேவி கைகளை விரித்தாள்.

"உம்மை ஏன் பெண் பாக்க வந்தனான் தெரியுமோ?" என்றாள் மகாதேவி. "அவனை ஆரிட்டையாவது ஒப்படைச்சால்தான் எனக்கு விடுதலை எண்டு நினைச்சன். அந்தக் கதையைக் கேட்டாப்பிறகுதான் விளங்கிச்சு, ஒப்படைக்காமலே போகலாமெண்டு. இப்ப அவனைக் கட்டாதையும், பிள்ளை. நல்ல பெடியன்தான். ஆனால் முதலிலை சோறு காய்ச்சப் பழகட்டும்."

பிறகு மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினாள். நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டதாம். ஆரணி இரவு தங்குவதற்கென்று கொண்டுவந்த பையையும் கண்டுவிட்டாள்.

"குறை நினையாதையும். ஒரு கட்டில்தான் இருக்கு," என்றாள். குரலில் துளி வருத்தமும் இல்லை.

பேக்கரியில் சுலக்ஷன் இரண்டாவது கேக்கை முடித்துக்கொண்டிருந்தான். ஆரணி நடந்ததைச் சொன்னாள், சோறு காய்ச்சுவது உட்பட. அவன் காது சிவந்தது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "சிரிச்சவவோ?" என்று கேட்டான்.

"ஓம். தோசையைப் பற்றிச் சொல்லேக்கை."

"வீட்டிலை சிரிக்கிறேல்லை," என்றான். பிறகு, "உண்மையைச் சொன்னால், எனக்கும் இப்ப கலியாணம் கட்டுற எண்ணம் இல்லை. அம்மா கேட்டா, ஓமெண்டன்," என்றான்.

"நானும் அம்மா கேட்டுத்தான் ஓமெண்டன்."

இருவரும் சிரித்தார்கள். நிலையத்தில் விடைபெறும்போது அவன் கொஞ்சம் பயத்தோடு கேட்டான். "அந்தப் புத்தகம் கடையிலை வாங்கலாமோ?"

"இல்லை. ரண்டு மூண்டு நூலகத்திலை மட்டும்தான் கிடக்கு."

"நல்ல காலம். எங்கடை சனத்துக்குக் கிடைச்சால் ஹம்பேர்க்கிலை வாடகைக்கு அறையே மிஞ்சாது."

அன்று இரவே ஆரணி டோர்ட்மண்ட் திரும்பினாள். யோகம் கதவைத் திறந்ததும், "என்ன முடிவு?" என்றாள்.

"அவ திரும்பிப் போகமாட்டா."

"நான் உன்ரை முடிவைக் கேட்டனான்."

"நானும் கட்டமாட்டன், அம்மா. அந்தப் பெடியனுக்கும் விருப்பமில்லை."

ஆரணி சண்டைக்குத் தயாராக நின்றாள். யோகமோ கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் வேறு ஏதோவும் இருந்தது.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ளை நிண்டதாலை முழுக்கக் கேக்கேல்லை," என்றாள். "அந்தப் பாதிரியாரை ஏன் வேண்டாமெண்டவ? ஐஞ்சு பிள்ளையள் எண்டதாலையோ?"

ஆரணி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எதிரே இருந்து சொல்லத் தொடங்கினாள். ஆலைக்காரர் வரும் இடத்தில், முன்னறையிலிருந்து அப்பா சிவகுருநாதன், "யோகம், ஒரு தேத்தண்ணி," என்று குரல் கொடுத்தார்.

"போட்டுக் குடியுங்கோ," என்றாள் யோகம், தலையைத் திருப்பாமலே. "நீ சொல்லு பிள்ளை."