பத்தாம் சொல்

சுரங்க மண்மேடுகளின்மேல் மாலை வெயில் செம்பொன்னாய்ப் படிய, உதிர்ந்த ஊதாப்பூக்கள் தெருவெல்லாம் பாய் விரித்திருந்த வெள்ளிக்கிழமை அந்தியில், ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹில்பிரோ மேட்டில், வானளாவிய குடியிருப்புகளுக்கிடையே, சந்தையில் வழிதவறிய முதியவர்போல் நின்றது சீர்திருத்த யூதர்களின் தொழுகை இல்லம்.

ஆணும் பெண்ணும் அருகமரலாம், தொழுகைக்குரிய பதின்மரில் பெண்ணையும் எண்ணலாம் என்னும் துணிவின்மேல் எழுந்த இல்லம் அது. அதன் முதற்கல்லை நட்டவர் இலேசர். பழநெறி பிறழாத தம்பி பெரல் அன்றே முறுக்கிக்கொண்டார். நாற்பதாண்டாக அந்நிலைப்படியை மிதித்ததில்லை. அங்கிருந்த யூதர்கள் நகரின் வடபுறம் குடிபெயர்ந்துவிட்டமையால் அடுத்த வாரம் இல்லத்துக்குப் பூட்டு.

இன்று இலேசரின் முதலாண்டு நினைவுநாள். மகள் மின்னா இறந்தோர்க்கான மன்றாட்டைச் சொல்ல வேண்டும். அது தனித்துச் சொல்லத்தக்கதன்று. ஒருவர் சொல்ல மற்றோர் ‘ஆமென்’ என விடையிறுக்கப் பதின்மர் வேண்டும். மாந்தரை எண்களால் எண்ணுதல் ஆகாதென்பது யூதர் வழக்கம். ஆதலின், பத்துச் சொற்கொண்ட பழம்பாடல் அடியொன்றை ஆளுக்கொரு சொல்லாய் வைத்தெண்ணுவர். தொழுகை நடத்தும் நவோமி அவ்வாறே எண்ணிவர, ஆட்கள் தீர்ந்தனர். பத்தாம் சொல் உரியவரின்றி அவள் வாயிலேயே நின்றது.

“ஒன்பதுதான் மின்னா. என்ன செய்யலாம், சொல்லு?”

மின்னாவின் விழி வாயிலுக்குச் சென்றது. அங்கே, தொப்பியைக் கையால் அழுத்தியபடி, பெரல்.

“சித்தப்பா! உள்ள வாங்க.”

“உள்ள வர்றதுக்கா வந்தேன்? அண்ணன் நாளாச்சே, வாசல்வரைக்கும் வந்தேன்.”

“நீங்க வந்தா பத்து.”

“உன் கணக்குல பத்து. என் கணக்குல நாலு ஆம்பளைங்க, என்னோட அஞ்சு. அஞ்சு பேருக்கு எதுக்கும்மா ஆமென்?”

“உங்க கணக்கு உங்களோடயே இருக்கட்டும். அப்பாவுக்காகச் சும்மா உக்காருங்க.”

“உங்கப்பன் மூக்கு, உங்கப்பன் பிடிவாதம்!” என்று முனகியவர், கடுங்குளிர் நீரில் கால்வைப்பார்போல் நிலைப்படியைத் தாண்டிக் கடைசி இருக்கையில் அமர்ந்தார்.

நவோமி மீண்டும் எண்ணினாள். பத்தாம் சொல் பெரலின்மேல் விழுந்தது; அவர் தலைகுனிந்தார்.

தொழுகை முடிவில் மின்னா எழுந்து மன்றாடினாள். எட்டுக் குரல்கள் ‘ஆமென்’ என்றன. பெரல் வாய் திறக்கவில்லை. ஆடவர் பதின்மரில்லா அவையில் அவ்விடை தகாது என்பது அவர் நெறி. பாதியில் தந்தையின் நினைவு வந்து மின்னாவின் சொல் நின்றபோது, பின்னிருந்து, மற்றெல்லார்க்கும் பிந்தி, துருவேறிய தாழ் திறந்தாற்போல் ஒரு குரல் எழுந்தது:

“ஆமென்.”

அதைப் பற்றிக்கொண்டு அவள் முடித்தாள். திரும்பியபோது கடைசி இருக்கை வெறுமையாயிருந்தது.

அவ்வழக்கில் வென்றார் எவருமிலர். அண்ணன் தம்பி இருவர் கணக்கும் இறுதிவரை ஒவ்வவில்லை. ஒவ்வாக் கணக்கோடும் ஓரடி எடுத்து வைக்கலாம் என்பதைப் பெரல் அறிந்தார். அறிந்தபோது, கேட்டு மகிழவேண்டிய அண்ணன் மண்ணுக்குள் ஓராண்டைக் கழித்திருந்தார்.