சேமக்காலைக் காவிளாய்

மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கால் கழுவும்போதே என் மனுசன் செல்வரட்ணம் கதை கொடுத்தார். அதுவே எனக்கு அதிசயம். எங்கள் டிலக்ஷியை டெங்குக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு இவர் கடலோடு கதைத்த அளவு என்னோடு கதைத்ததில்லை. பிள்ளையின் பேரை எடுத்தால் போதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து சேமக்காலைப் பக்கம் எட்டியும் பாராதவர், இந்த வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைகளைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்குத் தானாகவே எழும்பிப் போனார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

"முழுக்கச் செருக்கிப்போட்டம் ராணி, ஒரு புல்லு இல்லை," என்றார். "சின்னப் பிள்ளையளின்ரை மூலையிலைதான் ஒரு பத்தை உயிரை வாங்கிப்போட்டுது. வேர் போகுது போகுது, அடியைக் காணேல்லை. நானும் பக்கத்து வீட்டு றஜிந்தனும் சேர்ந்து இழுத்துப் பிடுங்கினனாங்கள்."

நீட்டப்போன தேத்தண்ணியைத் திண்ணையில் வைத்தேன்.

"என்ன பத்தை?"

"காவிளாய். ஊதாப் பூ."

அதை விதைத்தவள் நான். அந்தச் சொரி மணலில் வேறு என்னதான் நிற்கும்? ரோசா வைத்தேன், கருகியது. செவ்வந்தி ஒரு கிழமை தாங்கவில்லை. புகையிலைத் தோட்டக்காரர் பசளைக்காக மண்ணில் தாழ்க்கிற காவிளாயின் விதையை அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் மனுசியிடம் கேட்டு வாங்கிவந்து தூவினேன். அது தண்ணீர் கேட்கவில்லை. சித்திரை வெயிலிலும் பூத்தது. மரக்குருசைக் கறையான் தின்று, மேடும் மழையில் கரைந்த பிறகு, பிள்ளை கிடக்கும் இடத்துக்கு அந்தச் செடிதான் அடையாளம். இவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தால்தான் மனுசன் கரைக்குப் போய்விடுவாரே. அந்த வேர் எதைத் தேடிப் போனதென்று எனக்குத்தான் தெரியும்.

"எங்கடை பிள்ளையின்ரை குருசைத் தேடினனான், காணேல்லை. நாளைக்கு நீ வந்து காட்டு," என்றார்.

"ஓம்," என்றேன்.

மறுநாள் பின்னேரம் ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலையில் நின்றது. பிடுங்கியதையெல்லாம் நேற்றே கொளுத்திவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் மூலை, கூட்டிய முற்றம்போல மட்டமாகக் கிடந்தது. பூவைப் பார்த்தே போய்ப் பழகிய நான் மதிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒருநாளும் கவனித்து வைக்கவில்லை. இதுவா? கொஞ்சம் அங்காலையா? காவிளாய் எங்கே நின்றது என்று கேட்டால் இவர் காட்டுவார். கேட்டால், தான் பிடுங்கியது எதை என்று இவருக்கும் விளங்கிவிடும். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு பிள்ளையிடம் வந்திருக்கிற மனுசன், பிறகு இந்தப் படலைக்குள் கால் வைப்பாரா?

"எது ராணி?"

"இதுதான்," என்று ஒரு இடத்தைக் காட்டினேன்.

பூமாலையை வைத்துவிட்டு மணலில் முழங்காலில் விழுந்தார். "அப்பா வந்திருக்கிறன் குஞ்சு," என்றார். பிறகு, அடக்கத்தன்றும் அழாத மனுசன், ஊர் பார்க்க வாய்விட்டு அழுதார். உள்ளங்கையால் அந்த மணலைத் தடவித் தடவி அழுதார்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் காலை வைப்பதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.