ஈசல் மூடிய பாதம்

மரவட்டை ஒன்று பாறையைக் கடந்து போவதற்காக என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. மணி மூன்றே முக்கால். மரவட்டைக்கு என்ன அவசரம், அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இவர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்கு வழி விடுகிறவர் மாதிரி ஒதுங்கி நின்றார். நாங்கள் சமணர்கள், தெரிந்து ஒரு பூச்சியை மிதிக்க மாட்டோம். நானும் பிறந்ததிலிருந்து மிதித்தவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மரவட்டையின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

அவர் பெயர் அப்பாண்டைநாதன். திண்டிவனத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர். அறுபத்து மூன்று வயது, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் பெண் ஸ்ரீநிதிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள் கிடந்தது. அந்த வராந்தாவில் நின்றுதான் இவர் வேண்டிக்கொண்டார். குழந்தை நல்லபடியாக வீடு வந்தால் நெடும்பாறை மலைக்குப் போவது, உச்சியில் செதுக்கியிருக்கும் முனிவர் பாதத்தைப் பார்த்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பாடு என்று. குழந்தை வந்துவிட்டது. இப்போது தொட்டிலில் கிடந்து ஊரைக் கூட்டுகிறது.

தப்பு என்னுடையது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைக் காலை ஆறு மணிக்கு, தினமும் போலவே, அவர் கையில் வைத்தேன். அவரும் முழுங்கிவிட்டார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை உள்ளே போயாயிற்று, சாப்பாடு கிடையாது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சொன்னேன். "ஒம்போது மணிக்கெல்லாம் மேல ஏறிடலாம் சந்திரா. பேஜாரு பண்ணாத" என்றார்.

அடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வழி காட்ட ஒப்புக்கொண்டிருந்த பச்சைமுத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அவர் பெண்சாதி அம்சா கேப்பைக்கூழ் கரைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். இவர் கும்பிட்டு மறுத்துவிட்டார். திரும்பிப் போய்விடலாம் என்று மூன்று தடவை சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பொழுது விழுந்த பிறகு நாங்கள் வாயில் எதுவும் போடுவதில்லை. அன்றைக்குச் சூரியன் மறைவது ஐந்து ஐம்பத்திரண்டு என்று போன் காட்டியது. அதற்குள் பாதத்தைப் பார்த்தாக வேண்டும், சாப்பிட்டாக வேண்டும். தவறினால் மறுநாள் விடிந்துதான். அதுவரைக்கும் இந்த உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரியும்.

"நயினாரே, இப்பிடி ஒவ்வொண்ணுக்கும் நின்னுக்கினு இருந்தா பொழுது பூடும். ஜல்தியா வாங்க" என்றார் பச்சைமுத்து. சமணர்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு கொசுவைப் பட்டென்று அடித்துவிட்டு, என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். இவர் காதுமடலில் நாலைந்து உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. கையால் விசிறக்கூட இல்லை மனுஷன். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

நாலரை மணி வாக்கில், குளிர்ந்த மழையில் அவருக்கு வியர்த்தது. மழைத்தண்ணீர் வேறு, வியர்வை வேறு, முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? அடுத்த வளைவில் பச்சைமுத்துவைப் பார்த்து, "சுமித், கடைய பூட்டிட்டியா?" என்று கேட்டார். சுமித் எங்கள் பிள்ளை, பெங்களூரில் இருக்கிறான். பச்சைமுத்து என்னைப் பார்த்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்து நீட்டினேன்.

"ஒரு துண்டு வாயில போடுங்க. பாவமெல்லாம் என் தலைல வரட்டும்."

"பார்த்துட்டு" என்றார். நாக்கு குழறியது.

உச்சிக்குப் போகும்போது ஐந்தரை. ஒரு பக்கம் பச்சைமுத்து, ஒரு பக்கம் நான், நடுவில் இவர். மேலே வெறும் மொட்டைப் பாறை. நடுவில் சாப்பாட்டு இலை அகலத்துக்கு ஒரு குழி, அதற்குள் பாதம். ஆனால் பாதம் எங்கே? குழி நிறைய மழைத்தண்ணீர், தண்ணீரை மூடிக்கொண்டு ஈசல். மழை விட்ட இடைவெளியில் கிளம்பியதெல்லாம் அங்கேதான் விழுந்திருந்தது. ஆயிரமோ என்னவோ, எல்லாம் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. கல்லே தெரியவில்லை.

"கையால தள்ளி உட்டுட்டா ஆச்சு" என்று பச்சைமுத்து குனிந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் அதற்கு மட்டும் அவருக்கு நினைவு இருந்தது.

என் பையில் தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணி இருந்தது. வடிகட்டாத தண்ணீர் எங்களுக்கு ஆகாது, எங்கே போனாலும் துணி கூடவே வரும். பச்சைமுத்து இரண்டு கையாலும் துணியை விரித்துப் பிடித்தார். நான் டம்ளரால் மொண்டு ஊற்றினேன். துணியில் தங்கிய ஈசலைப் பக்கத்துப் புல்லில் உதறாமல் மெதுவாகக் கவிழ்த்தோம். ஒரு டம்ளர், இரண்டு, ஐந்து, பத்து. இந்தப் பக்கம் எடுக்க, அந்தப் பக்கம் புதிதாக வந்து விழுந்தன. மேற்கே ஒரே மேகம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாவது டம்ளரை மொள்ளும்போது இவர் தலை என் தோளில் சாய்ந்தது. "ஏங்க" என்றேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

டம்ளரை வீசினேன். வலது கையைக் குழிக்குள் விட்டு, தரையைத் துடைப்பது போல ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினேன். விரலுக்கடியில் நசுங்குவது தெரிந்தது. இன்னொரு இழுப்பு. கட்டை விரல் தெரிந்தது, பிறகு ஐந்து விரலும், குதிகாலும்.

"பாருங்க. பாதம். பாருங்கன்றேன்."

அவர் முகத்தை இடது கையால் திருப்பினேன். பார்வை அலைந்து அலைந்து அங்கே போய் நின்றது. வெல்லத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்தேன். வாய் அசையவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ, கன்னத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. கரகரவென்று கேட்டார்.

"சூரியன் இருக்குதா?"

நான் போனை எடுக்கவில்லை. பச்சைமுத்து மேற்கே திரும்பி, அந்தக் கறுத்த மேகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இருக்குது நயினாரே. நீங்க மெல்லுங்க."

தாடை மெதுவாக ஏறி இறங்கியது. இன்னொரு துண்டு வைத்தேன். அதையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் பார்வை பாதத்தை விட்டு என் வலது கைக்கு வந்தது. உள்ளங்கை முழுக்க இறக்கைகள் ஒட்டியிருந்தன. அவர் வேறு பக்கம் திரும்பவில்லை. மழை மறுபடி வலுத்தது. கையை மழைக்கு நீட்டினேன். சிலது போயிற்று, சிலது போகவில்லை. இறக்கை உதிர்ந்த ஒரே ஒரு ஈசல் மட்டும் என் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அது தானாக இறங்கும்வரை கையை ஆட்டாமல் வைத்திருந்தேன்.