பின்வளவில் மியூஸ் ஆறு

2016 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, நியூசிலாந்தின் நியூ லினில் யசீகரனின் வீட்டுப் பின்வளவில் பெல்ஜியம் நாட்டு மியூஸ் ஆறு ஓடத் தொடங்கியது. நீளம் முப்பத்தைந்து மீட்டர். பக்கத்து வீட்டு மதன்குமாரின் வேலியடியில் தோன்றி, மறுபக்கத்தில் பூட்டிக் கிடந்த தச்சுப்பட்டறையின் சுவரடியில் மறைந்தது. முதல் நாளே புல்தரையில் பெரும்பகுதியையும் எலுமிச்சை மரத்தையும் அது எடுத்துக்கொண்டதால், அவன் மனைவி சோபனா உடுப்புக் காயப்போடும் கொடியை வீட்டுப் படியோரமாக நகர்த்தினாள். மாநகரசபையிலிருந்து வந்த அதிகாரி தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லை, ஆகவே இது கடல் ஏறும் ஓடை அல்ல என்று முடிவுசெய்தார். படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாதபடியால் 'பிற' என்பதில் அடையாளமிட்டுவிட்டுப் போனார்.

அது எந்த ஆறு என்பதை யாரும் யசீகரனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போர்க்லிப்ட் ஓட்டும் வேலை முடிந்து வந்தவன், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே பின்கதவில் நின்று பார்த்தான். அந்தச் சாம்பல்பச்சை நிறத்தையும், டீசலும் ஈரக் கல்லும் கலந்த வாசனையையும் அவனுக்குத் தெரியும். 1999இலிருந்து நான்கு வருடம் அவன் மியூஸ் கரையிலுள்ள ஹெர்வோ என்ற சிறு ஊரில் அகதி விண்ணப்பதாரியாக இருந்தவன். ஹெர்வோவில் ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஒரு கல் இறங்குதுறை. பாலத்தை 1914இல் உடைத்தார்கள், கட்டினார்கள்; 1940இல் திரும்பவும் உடைத்தார்கள், திரும்பவும் கட்டினார்கள். எந்திரம் வருமுன் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்த காலத்தில் கயிறு அறுத்த தடங்கள் துறைக் கற்களில் விரல் ஆழத்துக்கு இருந்தன. ஊர்க்காரர் அந்தத் தடங்களை வெளியூராருக்குக் காட்டிப் பெருமைப்படுவார்கள். யசீகரனும் அவனைப் போலவே அகதியாக வந்த சதாசிவமும் அந்தத் துறையில் சரளை ஏற்றினார்கள். பழைய கன்னியர் மடத்தின் மாடியில் இருவருக்கும் ஒரே அறை. சோபனாவுக்கு அவன் இவ்வளவுதான் சொல்லியிருந்தான், அதுவும் சதாசிவத்தின் பெயரை விட்டுவிட்டு.

ஹெர்வோ நகரசபைக்கு சோபனா கடிதம் எழுதினாள். ஏழு வாரத்தில் பதில் வந்தது. பாலத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கப் படகுகள் கொஞ்ச நாளாக அரை நிமிடம் கூடுதலாக எடுப்பதைத் தாங்களும் கவனித்திருப்பதாகவும், காரணம் இப்போது தெரிந்ததில் மகிழ்ச்சி என்றும் அதில் இருந்தது. ஆற்றங்கரை முழுவதும் மரபுரிமைச் சொத்து என்பதால் அதன்மேல் மரத்தளம் எதுவும் போட வேண்டாம் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். சோபனா இரண்டு வருடமாக ஒரு மரத்தளம் போடத்தான் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெர்வோவில் காலை ஏழு மணியாகும்போது நியூ லினில் மாலை ஐந்து மணி. ஆகவே படகுகள் மாலையில்தான் வந்தன. வளவில் இருள் இறங்கும் நேரத்தில் தண்ணீரின்மேல் மட்டும் காலை வெயில் அடித்தது. படகின் மூக்கான முன்னணியம் மதன்குமாரின் வேலியிலிருந்து வெளியே வரும். முப்பத்தெட்டு மீட்டர் நீளமான படகு மெதுவாக நீண்டு, பட்டறைச் சுவருக்குள் போய்விடும். சரளை, கோதுமை, சில வேளை பழைய இரும்பு. நகரின் வடக்கே ஆல்பனியில் கணினி வேலை பார்த்த மதன்குமார், முதல் வாரம் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார். இரண்டாவது வாரம் அலுத்துப்போய், "ஆமா, போகுது, வருது" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்த படகின் பெயர் ஒடில். அதன் பின்னணியத்தில் சுக்கான் பிடித்தபடி சதாசிவம் நின்றான். தலை நரைத்திருந்தது. யசீகரன் சமையலறைத் தரையில் குந்திக்கொண்டான். அவனுடைய ஏழு வயது மகள் நிலானி கரையில் நின்று கை காட்ட, படகுக்காரனும் கை காட்டினான். அன்றிலிருந்து ஒடில் ஒன்பது நாளைக்கொரு தடவை தவறாமல் வந்தது, சதாசிவம் கண்பார்வையில் இருந்தது ஒவ்வொரு தடவையும் முப்பது விநாடி. எட்டாம் நாளே யசீகரன் சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்குவான். ஒன்பதாம் நாள் வேலையிடத்தில் கூடுதல் நேரம் கேட்டு வாங்குவான். கிடைக்காவிட்டால் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு நிற்பான். கரையோரமாக ஆறடி வேலி ஒன்று அடித்தான். நீரோட்டத்தின் பார்வையை மறைக்கக் கூடாதென்று மாநகரசபை அதைக் கழற்றச் சொன்னது. சோபனா அவனை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

படகில் இருப்பவர் தமிழர் என்பது சோபனாவுக்கு மூன்றாம் தடவை தெரிந்தது. அவர்களுடைய கதை முப்பது முப்பது விநாடியாக நடந்தது. இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி அவள் கேட்டதற்கு அவர் முழுப் பதில் சொல்லி முடிக்க நான்கு மாதமானது. அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்து, நாட்டின் மண்ணை விட்டு வெளியேறும்படி 2001இல் உத்தரவு போட்டார்கள். பொலிஸ் தேடிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தபோது அவர் சரளைப் படகொன்றில் பாய்ந்துவிட்டார். படகின் சொந்தக்காரி கொலெட் என்ற விதவை உத்தரவை மூன்று தரம் வாசித்துவிட்டு, இதில் மண் என்றுதான் இருக்கிறது, தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை என்றாள். அதன்பிறகு அவர் தரையில் கால் வைக்கவேயில்லை. பல் பிடுங்கியதும் தலைமயிர் வெட்டியதும் படகில்தான். இந்த வளவின் மண் எந்த நாட்டுடையதென்று யாராவது எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார்.

ஹெர்வோவில் யசீகரன் என்று ஒருவரைத் தெரியுமா என்று 2018 மார்ச்சில் சோபனா கேட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்தார். ஓம், ஒரே அறையில் இருந்தோம் என்றார். முப்பது விநாடி முடிந்தது. அன்றிரவு சோபனா அதைச் சொன்னபோது யசீகரன், அப்படியொருவர் இருந்த ஞாபகம் என்று மட்டும் சொல்லி, சோற்றை அளைந்துகொண்டிருந்தான். அடுத்த ஒன்பது நாளும் அவன் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த முப்பது விநாடியில் சதாசிவம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தான். சதாசிவமோ இங்கே தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனான். இப்படி அடுத்த தடவை, அடுத்த தடவை என்று மூன்று வருடம் போனது. யசீகரன் பதினொரு கிலோ மெலிந்தான்.

2021 ஜூலை நடுவில் மியூஸ் பெருகியது. நியூ லினில் ஒரு துளி மழையில்லை, குளிர் மட்டும்தான். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தண்ணீர் கொடிக்கம்பத்தைத் தாண்டி வீட்டுப் படிக்கு வந்தது. கதவுகள், ஒரு நாய்க்கூடு, யாரோ ஒருவரின் பியானோ எல்லாம் வேலியிலிருந்து வந்து சுவருக்குள் போயின. பிறகு ஒடில் வந்தது, கட்டறுந்து, குறுக்காகத் திரும்பி. பட்டறைச் சுவரில் முன்னணியம் முட்டி, மதன்குமாரின் வேலியில் பின்னணியம் சிக்கி, நடு வளவில் இறுகி நின்றது. இரும்பு முனகிய சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. கொலெட் சுகமில்லாமல் தமக்கை வீட்டில் இருந்ததால் படகில் சதாசிவம் மட்டுமே. மதன்குமார் அழைத்துத் தீயணைப்புக்காரர் வந்து ஏணி நீட்டினார்கள். அவன் ஏற மறுத்தான். படகு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. சோபனா கெஞ்சினாள், பன்னிரண்டு வயது நிலானி ஆங்கிலத்தில் அழுதாள். மண் எந்த நாட்டுடையதென்று ஒருவரும் எழுதித் தரவில்லையே என்றான் அவன்.

அப்போதுதான் யசீகரன் குளியலறையிலிருந்து வெளியே வந்தான். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகப் பின்படியில் நின்றான்.

"சிவம், இறங்கு. இது பெல்ஜியம் இல்லை."

சதாசிவம் சுக்கானை விடாமலே அவன் பக்கம் திரும்பினான். "நீ சொன்னால் நம்பலாமோ?"

தீயணைப்புக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோபனா திரும்பி யசீகரனைப் பார்த்தாள். அதற்குள் அவன் சொல்லத் தொடங்கிவிட்டான்.

"அண்டைக்குப் பொலிஸ் வந்து கேக்க, நீ துறையில நிக்கிறாய் எண்டு காட்டிக் குடுத்தது நான்தான். ரெண்டு நாளில என்ர அகதி கேஸுக்கு இன்டர்வியூ. அவங்கள் என்னை வெருட்டக்கூட இல்லை, சிவம். நானாத்தான் சொன்னனான்."

"தெரியும். உன்ர பேரைச் சொல்லித்தான் அந்தப் பொலிஸ்காரன் என்னைக் கூப்பிட்டவன்."

"பிறகேன் ஒவ்வொருக்காலும் கையைக் காட்டினனீ?"

"உனக்கில்லை. பிள்ளைக்கு."

படகு இன்னொரு தரம் முனகியது. யசீகரனுக்கு நீந்தத் தெரியாது. தீயணைப்புக்காரர் ஒருவர் இடுப்பில் கட்டிவிட்ட கயிற்றோடு அவன் தண்ணீரில் இறங்கினான், நெஞ்சளவுக்கு வந்தது. படகோரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "மண்ணில கால் வைக்க வேண்டாம். ஏறு" என்றான். சதாசிவம் யோசித்த நேரத்தில் ஒரு கதவும் இரண்டு மரக்கட்டைகளும் மிதந்து போயின. பிறகு ஏறினான். கயிற்றைப் பிடித்து இழுத்தவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே படிக்குக் கொண்டுவந்தார்கள். யசீகரன் அவனைச் சுமந்தபடி சமையலறைக்குள் போய்க் கதிரையில் இறக்கினான். அந்தப் பாரம் குறைந்ததாலோ என்னவோ ஒடில் நிமிர்ந்து, பட்டறைச் சுவருக்குள் போனது. அது கீறல் இல்லாமல் எட்டுக் கிலோமீட்டர் கீழே ஒதுங்கியிருப்பதாக கொலெட் மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்.

பதினொரு நாள் சதாசிவம் வீட்டு மரத்தரையை விட்டு வெளியே வரவில்லை. பாபகூராவில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் கல்யாணி என்ற சட்டத்தரணி, தண்ணீர் பெல்ஜியத்துடையது, புல்லும் அதன் கீழுள்ள மண்ணும் நியூசிலாந்துடையது என்று மாநகரசபையின் முத்திரையோடு வரைபடம் வாங்கி வந்தார். சதாசிவம் அதை மூன்று தரம் வாசித்தான். பிறகு படியிறங்கி ஒரு காலை வைத்தான். இருபது வருடம் ஆடிப் பழகிய உடம்புக்கு ஆடாத தரை பிடிபடவில்லை, விழுந்தான், எழுந்து மற்றக் காலையும் வைத்தான். விசா வர பத்தொன்பது மாதமானது. எந்த விமானத்தில் வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவன் சொன்னதைக் குடிவரவு அதிகாரி அப்படியே தட்டச்சு செய்தார், கணினி ஏற்றுக்கொண்டது. இப்போது துறைமுகத்துப் பயணிகள் படகில் கயிறு கட்டும் வேலை செய்கிறான், ஹென்டர்சனில் அறை எடுத்திருக்கிறான்.

சோபனா ஆறு வாரம் யசீகரனோடு கதைக்கவில்லை. காட்டிக் கொடுத்ததைவிட, அத்தனை வருடம் பைப்பைத் திறந்துவிட்டு நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சதாசிவம் அதைவிட நீண்ட காலம் எடுத்தான். சனிக்கிழமை மாலைகளில் சாப்பிட வருவான். நிலானிக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பான், சோபனாவோடு விலைவாசி கதைப்பான், யசீகரன் இருந்த பக்கம் மட்டும் பார்க்க மாட்டான். யசீகரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிரே இருந்து, இன்றைக்கு ஏதாவது சொல்வானோ என்று வியர்த்தபடி சாப்பிட்டான்.

2023 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சதாசிவம் தலையை நிமிர்த்தாமலே, "யசி, பருப்பை இஞ்சால தள்ளு" என்றான். யசீகரன் தள்ளினான். மேசையில் கொஞ்சம் சிந்தியது. நிலானி துணி எடுத்துத் துடைத்தாள். யன்னலுக்கு வெளியே கோதுமை ஏற்றிய படகொன்று காலை வெயிலோடு போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.