சாயம் வேண்டாத பிள்ளை

“இவளுக்குச் சாயமே வேண்டாம்ட்டீ. அப்படியே கொண்டு நிறுத்திரலாம்.”

ராஜராஜேஸ்வரி டீச்சர் இதைச் சொன்னபோது விடுதிச் சமையல்கட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்னத்தாய் மாவுக் கையோடு ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கவே அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. விளங்கியதும் விஜயஸ்ரீயின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். விஜயஸ்ரீயும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சங்கதி இதுதான். போன ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களில் வீடு வாசலோடு பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை ஒரு விற்பனை நாள். கடைக்கு ஒரு தேசம், தின்பண்டமும் அந்தத் தேசத்துப் பண்டமாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். டீச்சர் கணக்கில் ஆப்பிரிக்காவும் ஒரு தேசம், அது விஜயஸ்ரீ தலையில் விழுந்தது. அவள் அப்பா தான்சானியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவளும் எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள். மாவாட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று விடுதிப் பிள்ளை அன்னத்தாயை டீச்சரே அவளோடு சேர்த்துவிட்டார்.

அந்த ஊர்க் கடற்கரை வீடுகளில் செய்கிற அரிசி ரொட்டியைச் செய்யலாம் என்று விஜயஸ்ரீ சொன்னாள். ரொட்டிக்கடையில் இருக்கிற மாதிரிப் பெட்டியடுப்பு ஒன்றும் தேவையில்லை. ஊறவைத்த பச்சரிசியைக் கட்டித் தேங்காய்ப்பாலில் மைய அரைத்து, சீனியும் ஏலக்காயும் ரொட்டிக்கடையில் வாங்கிய ஈஸ்டும் கலந்து பொங்கவிட வேண்டும். நுரைத்து வந்ததும் எண்ணெய் தடவிய சட்டியில் ஊற்றி, மூடி, மூடிமேல் தணலைப் பரப்பினால் போதும். அன்னத்தாய் அரைத்தாள், விஜயஸ்ரீ ஊற்றினாள். மூடியைத் திறந்தபோது ரொட்டி மேலே பொன்னிறமாகவும் உள்ளே தும்பைப்பூ மாதிரியும் இருந்தது. இரண்டு பேரும் சூடு பொறுக்காமல் பிய்த்துத் தின்று, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். ரொட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

“என்னட்டீ இது, இட்லி கணக்கா வெள்ளையா இருக்கு? ஆப்பிரிக்காக்காரன் திங்குதது வெள்ளையாவா இருக்கும்? யாரு நம்புவா? கருப்பட்டியக் காய்ச்சி ஊத்து, கருகருன்னு வரும்.”

“அங்கன இப்பிடித்தான் டீச்சர் இருக்கும்” என்றாள் விஜயஸ்ரீ, பைய.

“அங்கன எப்பிடியோ இருந்துட்டுப் போட்டும். இங்கன பாக்குதவனுக்கு ஆப்பிரிக்கான்னு தெரியணும்லா?” டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் ஆட்டுரலடியில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு: இலை தழை கட்டிக் காட்டாள் வேசத்தில் அன்னத்தாயைக் கடை முன்னால் நிறுத்துவதாம்.

டீச்சரும் ஒன்றும் வெள்ளைக்காரி இல்லை. மஞ்சளும் பவுடரும் கழுத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே அன்னத்தாயின் நிறந்தான். அது அன்னத்தாய்க்குத் தெரிந்ததுதான். ஆனால் அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா? டீச்சர்தான் விடுதி வார்டன். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் அன்னத்தாயின் வீட்டுச் சுவர் வெள்ளத்தில் கரைந்துபோய், அம்மா சித்தி வீட்டில் ஒண்டிக் கிடக்கிறாள். விடுதியில் இடம் போனால் படிப்பு போச்சு. மறுநாளே வாழைத் தோட்டத்தில் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் குனிந்து மாவை வழித்தாள். வழித்த மாவையே திரும்பத் திரும்ப வழித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விற்பனைக்கு அரைக்க உட்கார்ந்தபோதுதான் வாய் திறந்தாள்.

“நீயும் சிரிச்சேல்லா?”

விஜயஸ்ரீ தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “எல்லாரும் சிரிச்சாங்க. சும்மா வெளாட்டுக்குத்தானட்டீ.”

“ஒங்க தான்சானியாவுல எல்லாரும் எலையக் கட்டிக்கிட்டா திரிஞ்சாவ?”

“சே! எங்க பக்கத்து வீட்டு ம்வாஜுமா அக்கா துறைமுக ஆபீஸ்ல டைப்பிஸ்ட். இஸ்திரி போடாத கவுனத் தொடமாட்டா. இந்த ரொட்டிய எங்கம்மாவுக்குச் சொல்லிக்குடுத்ததே அந்த அக்காதான்.”

“அப்பம் அத டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதான?”

“சொன்னா ஏசுவாங்க. பயமா இருக்கு.”

“ஒனக்கா பயம்?” அன்னத்தாய் குழவியை நிறுத்திவிட்டாள். “ஒங்க வீடு இந்தா இருக்கு, தெக்கு பஜாருக்குப் பின்னால. டீச்சர் ஏசினா ஓடிப்போயி ஒங்கம்மா மடியில படுத்துக்கிடுவ. நான் எங்கட்டீ போவேன்? ஒங்கம்மாவுக்கு ரொட்டி சொல்லிக்குடுத்த பொம்பளைய நாளைக்குக் கொரங்காக்கப் போறாவ. அதுக்கு நான்தான் ஆளு. நீ பக்கத்துல நின்னு துட்டு வாங்கிப் போடு.”

விஜயஸ்ரீயின் கண் கலங்கியது. அதைப் பார்க்க அன்னத்தாய்க்கு இன்னும் எரிச்சலாக வந்தது. அழ வேண்டியவள் அவளா?

சனிக்கிழமை காலையிலேயே மைதானத்தில் துணிப்பந்தல்கள் எழும்பிவிட்டன. வெள்ளை ரொட்டியைத்தான் சுட்டிருந்தார்கள். கருப்பட்டி ஊற்றியது பொங்காமல் களி மாதிரி அமுங்கிப்போனதில் டீச்சர் மனசில்லாமல் விட்டுவிட்டார். ஆனால் மற்றதை விடவில்லை. பந்தலுக்குப் பின்னால் அன்னத்தாயைக் கூப்பிட்டு ஒரு பையை அவிழ்த்தார். கீற்றுக் கீற்றாகக் கிழித்த சாக்குப் பாவாடை, மாவிலைத் தோரணம், எலும்பு மாதிரி தெரியட்டும் என்று சாக்பீஸ் துண்டுகளைக் கோத்த மாலை.

“தாவணிக்கு மேலயே கட்டிக்கிடு. கையில கம்பு தாரேன். வாறவுகளப் பாத்து ‘ஊ ஊ’ன்னு கத்தணும், என்ன? கூட்டம் அம்மும்.”

அன்னத்தாய் பையிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

“மாட்டேன் டீச்சர்.”

“என்னட்டீ சொன்ன?”

“ரொட்டி விக்கேன் டீச்சர். வேசம் கட்ட மாட்டேன்.”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது. “வெள்ளத்துல போனது யாரு ஊருட்டீ? எங்க ஊரா? ஒங்க ஊருக்காக இத்தன பேரும் வேகாத வெயில்ல நிக்கோம். ஒனக்குச் செத்த நேரம் சாக்கக் கட்டிக்கிட்டு நிக்க வலிக்கோ?”

அந்தப் பேச்சில் அன்னத்தாய்க்குள் பயம் இருந்த இடத்தில் ஏதோ குபீரென்று பற்றியது.

“எங்க ஊருப் பிள்ளைய புஸ்தகந்தான் கேட்டாவ. என்னயக் கோமாளியாக்கி வாங்கித்தாங்கன்னு கேக்கல.”

“ஓஹோ. அப்பம் சாயந்தரம் பெட்டியக் கட்டிரு. திமிரு பிடிச்ச கழுதைக்கெல்லாம் ஆஸ்டல்ல எடம் கெடையாது.”

சாக்குப் பாவாடையை அங்கேயே போட்டுவிட்டு டீச்சர் போய்விட்டார். அன்னத்தாய் பந்தலுக்கு முன்னால் வந்து, நீலத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ரொட்டியைத் துண்டு போட்டாள். முதல் துண்டு கோணலாக வந்தது.

கூட்டம் கம்பு இல்லாமலே வந்தது. ரொட்டி வாசத்துக்கே வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட, அன்னத்தாயைப் போலவே கறுத்த ஒருத்தர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைப் பலகையில் ‘ஆப்பிரிக்கா’ என்று எழுதியிருந்ததையும் அன்னத்தாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏ, பொருத்தமா ஆளப் பிடிச்சு நிறுத்திருக்காவளே! ஆப்பிரிக்காலேர்ந்து நேரா எறக்குமதியோ?”

அப்போ சாக்கைக் கட்டினாலும் ஒன்றுதான், கட்டாவிட்டாலும் ஒன்றுதானா? அன்னத்தாய் கத்தியைத் தட்டில் வைத்தாள். கையில் வைத்திருக்கத் தன்மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

“நான் ஸ்ரீவைகுண்டம். நீங்க எந்த ஊரு அண்ணாச்சி? ஒங்க நெறத்துக்கு எந்தக் கப்பல்ல வந்து எறங்குனிய?”

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மகளும் சிரித்தாள். மனுசன் முகம் சுண்டிப்போய், ரொட்டி வாங்காமலே நகர்ந்தார்.

“ஆப்பிரிக்காவுல இப்பிடி யாரும் பேச மாட்டாங்க” என்றாள் விஜயஸ்ரீ, அவர் முதுகு மறைந்த பிறகு.

“இப்பச் சொல்லு. நல்லாச் சொல்லு. அவரு போய்ட்டாருல்லா” என்றாள் அன்னத்தாய். விஜயஸ்ரீ குனிந்துகொண்டாள். மத்தியானத்துக்குள் தட்டு காலி. ரொட்டி நன்றாக இருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னபோதும் அன்னத்தாய்க்குச் சந்தோசம் வரவில்லை.

சாயங்காலம் விடுதிக்குப் போய், இரண்டு பாவாடை தாவணியையும் புத்தகத்தையும் தகரப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டன் அறைக்கு நடந்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் நினைத்தாள். ஆனாலும் நிற்கவில்லை.

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். “என்னட்டீ பெட்டியும் கையுமா?”

“நீங்கதான கட்டச் சொன்னிய.”

டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார். சன்னல் வழியாகத் தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே இன்னும் விளக்கு எரிந்தது; பிள்ளையைப் பெட்டியோடு அனுப்பினால் அவர் காரணம் கேட்பார். “சொன்னா ஒடனே கட்டிருவியோ? ஆத்திரத்துல ஒரு சொல்லு வரும் போகும். போ, போயிச் சாப்பிடு.”

போயிருக்கலாம். இடம் தப்பித்துவிட்டது. அன்னத்தாய் போகவில்லை.

“சமையக்கட்டுல வச்சு என்னயச் சொன்னியல்லா டீச்சர், சாயம் வேண்டாம்னு. அன்னைக்குச் சிரிச்ச பிள்ளைய எல்லாம் இப்பம் சாப்பாட்டுல உக்காந்திருக்கு. அங்கன வந்து, அது தப்புன்னு சொல்லுங்க. பெட்டியப் பிரிக்கேன்.”

“எனக்கே புத்தி சொல்லுதியா?”

“இல்ல டீச்சர். கேக்கேன்.”

“வெளிய போட்டீ!”

அன்னத்தாய் வெளியே போனாள். வாசல்படி வரைதான் போனாள். அங்கே பெட்டியை இறக்கி, நிலைக்கு நிலை குறுக்காக வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டுச் சத்தம் வந்தது. உள்ளே பேனா கீறுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அன்னத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.